ஓர்கெஸ்ட்ரா கண்டக்டரா வரணும் எண்டுறா மகள், மட்டக்களப்பில இருந்து இதுக்கு வழி இரிக்கா?

கல்லாத்து அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க கல்லாறு. எண்ட மகளுக்கு 17 வயசு, ஏ.எல் பயோ படிக்கிறா. சின்னனில கீபோர்ட்டில தொடங்கி மறுகா பியானோ பழகி இப்ப ஏபிஆர்எஸ்எம் எண்டுற லண்டன் மியூசிக் பரீட்சையில கிரேட் 6 முடிச்சிரிக்கா. சேர்ச் கொயர்ல அல்ட்டோ பாடுறவ, நத்தார் கரோலுக்குச் சின்னப் பிள்ளைகள நிப்பாட்டிப் பழக்கிறதும் அவதான். வீட்டில கிடக்கிறது கீபோர்ட் மட்டும்தான், பியானோ ரீச்சர் வீட்டில போய்த்தான் வாசிக்கணும்.

2025 மார்ச் 8 லண்டனில இளையராஜாட சிம்பொனி நடந்ததே, அதிட வீடியோத் துண்டுகள் வரக்குள்ள நாங்க எல்லாரும் ராஜாவப் பாத்துக்கொண்டிருக்க இவ மட்டும் ரோயல் பில்ஹார்மோனிக் ஓர்கெஸ்ட்ராவுக்கு முன்னால நிண்டு கைகாட்டின மிக்கேல் டொம்ஸ் எண்டுற ஆளத் திருப்பித் திருப்பிப் பாத்தவ. அண்டையில இருந்து ஒரே கதை, நான் கண்டக்டரா வரணும் எண்டு. இப்ப ஒப்பெராவும் (பாட்டாலயே கதை சொல்லுற மேல்நாட்டு மேடை நாடகம்) பாக்கத் தொடங்கிட்டா, ராவையில படிப்பு முடிஞ்ச பிறகு ஹெட்போனப் போட்டுக்கொண்டு. அவட அப்பா முதல் பயோவ முடி மகள், மறுகா பாப்பம் எண்டுறார், கோவத்தில இல்ல, பயத்தில.

எனக்கு மியூசிக் தெரியா. அந்த ஆள் உண்மையில என்ன வேலை செய்யிறார், அத எங்க படிக்கிற, அதால சீவிக்க ஏலுமா, பொம்பிளப் பிள்ளைகள எடுக்காங்களா, இஞ்ச இருந்து எதில தொடங்குற எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்க. ஆறுதலுக்குச் சொல்ல வேணாம், உள்ளதச் சொன்னாக் காணும்.


பிற்றுக்குள்ள வியோலா:

அக்கா, நான் கழுதாவளை, சின்ன வயசில ஜேர்மனிக்கு வந்தது, இப்ப இஞ்ச ஒரு நகரத் தியேட்டர் ஓர்கெஸ்ட்ராவில வியோலா (வயலினவிடக் கொஞ்சம் பெரிய தந்தி வாத்தியம்) வாசிக்கிறன். எங்கட வேலை பெரும்பாலும் ஒப்பெராதான், மேடைக்குக் கீழ இரிக்கிற பிற்றுக்குள்ள. கண்டக்டர்மார நித்தம் கீழ இருந்து பாக்கிற ஆள் எண்டதால கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், நீளமாப் போனாப் பொறுத்துக்கொள்ளுங்க.

சனம் கொன்சேட்டில பாக்கிறது அவர்ட வேலையிட கடைசித் துண்டத்தான். ஒரு சிம்பொனிக் கொன்சேட்டுக்கு ஓர்கெஸ்ட்ராவோட கிடைக்கிறது வழமையா மூண்டு நாலு ரிகேர்சல்தான், முதல் ரிகேர்சலுக்கு வரக்குள்ளயே முழு ஸ்கோரும் அவர்ட மண்டைக்குள்ள கேட்டுக்கொண்டிருக்கணும். ஸ்கோர் எண்டா எங்களுக்கு முன்னால இரிக்கிற மாதிரி ஒரு வாத்தியத்திட வரி இல்ல, மேல புல்லாங்குழல்ல தொடங்கிக் கீழ டபிள் பாஸ் வரைக்கும் எல்லாற்ற வரியும் ஒரே பக்கத்தில. அதிலயும் சும்மா வாசிக்க ஏலாது, பி பிளாட் கிளாரினெற்காரனுக்கு ‘ஸி’ எண்டு எழுதியிரிந்தாக் காதுக்குக் கேக்கிறது பி பிளாட், எஃப் ஹோர்ன் எழுதியிரிக்கிறதில இருந்து அஞ்சாம் சுரம் கீழ கேக்கும், எங்கட வியோலாக்கு வேற கிளெஃப், அதாவது எந்தக் கோட்டில எந்தச் சுரம் எண்டு காட்டுற அடையாளம். இவ்வளவையும் கண்ணால பாத்த உடன சத்தமாக் கேக்கப் பழகணும். ரிகேர்சலில எண்பது பேர் ஒண்டா வாசிக்கக்குள்ள ரெண்டாவது பஸ்ஸூன் அரைச் சுரம் பிழைச்சா அத அவர் கேக்கணும், நிப்பாட்டணும், ஆளப் புண்படுத்தாமச் சொல்லணும், ரைமும் போகப்படாது. கை அழகா ஆடுறவங்க நிறையப் பேர் வாறாங்க, காது இல்லாட்டி எங்களுக்கு முதல் பத்து நிமிசத்திலயே விளங்கிரும்.

ஒப்பெரா இதவிடக் கனக்க வேலை. ஒரு புது ஒப்பெரா மேடையேறக் கிட்டத்தட்ட அஞ்சு ஆறு கிழமை பழக்கம் நடக்கும், அதில முக்கால்வாசி ஓர்கெஸ்ட்ரா இல்லாம ஒரே ஒரு பியானோவோட. அந்தப் பியானோவ வாசிக்கிற ஆளுக்கு ஜேர்மன்காரர் கொறெப்பெற்றிற்றோர் எண்டு சொல்லுவாங்க. அவர் சும்மா பக்கவாத்தியம் இல்ல, முழு ஓர்கெஸ்ட்ராவையும் பத்து விரலுக்குள்ள கொண்டு வந்து வாசிச்சு, பாட்டுக்காரருக்கு இத்தாலியன் உச்சரிப்புத் திருத்தி, வராத பாட்டுக்காரன்ட பகுதியத் தானே பாடிக்கொண்டு இருப்பார். கடைசிக் கிழமைகளிலதான் பாட்டுக்காரரும் ஓர்கெஸ்ட்ராவும் முதல் தடவ சேர்றது, நடிப்பு இல்லாம இருந்து பாடுறது, அதுக்கு சிற்ஸ்புறோப எண்டு பேர். எனக்கு வருசத்தில பிடிச்ச நாள் எண்டா அதுதான்.

நீங்க கேட்ட கேள்விக்கு நேர மறுமொழி இஞ்சதான் இரிக்கி அக்கா. ஜேர்மனியில அரச காசில நடக்கிற ஒப்பெரா வீடுகள் கிட்டத்தட்ட 80 இரிக்கி, சின்னச் சின்ன ஊர்களிலயும். கண்டக்டர் ஆக விரும்புற ஆள் படிச்சு முடிச்சு இப்பிடி ஒரு வீட்டில கொறெப்பெற்றிற்றோராச் சேருவார், வருசக்கணக்கா பியானோவில இருந்து எல்லா ஒப்பெராவும் பழகுவார், மேடைக்குப் பின்னால கொயருக்குக் கைகாட்டுவார், மறுகா ஒரு நாள் பெரிய கண்டக்டருக்குக் காய்ச்சல் வரும், ரிகேர்சலே இல்லாம அண்டைக்கு ராவு அவர்தான் பிற்றுக்குள்ள ஏறணும். நல்லாச் செஞ்சா ரெண்டாம் கப்பெல்மைஸ்ரர் (அந்த வீட்டிட நிரந்தரக் கண்டக்டர்), முதலாம் கப்பெல்மைஸ்ரர், கடைசியா முழு வீட்டுக்கும் பொறுப்பான ஜெனரல்மியூசிக்டிறெக்ரர். உலகப் பேர்பெற்ற கண்டக்டர் ஹேர்பேர்ட் கறயான் 1929இல உல்ம் எண்டுற சின்ன ஊர்த் தியேட்டரிலதான் தொடங்கினவர். இப்ப பெர்லின் பில்ஹார்மோனிக்ல இரிக்கிற கிறில் பெற்றெங்கோ 1999இல இருந்து 2002 வரைக்கும் மைனிங்கன் எண்டுற குட்டி ஊரில இருந்தவர், அங்கதான் 2001இல வாக்னர்ட ‘றிங்’ எண்டுற தொடரில இரிக்கிற நாலு ஒப்பெராவையும் அடுத்தடுத்து நாலு நாளில நடத்தி எல்லாரையும் திரும்பிப் பாக்க வச்சவர். அன்ரோனியோ பப்பானோ மியூசிக் கல்லூரிப் பக்கமே போகாத ஆள், தகப்பன் பாட்டுப் படிப்பிக்கக்குள்ள பியானோ வாசிச்சு வளந்தவர், கொறெப்பெற்றிற்றோரா வந்து 2002இல லண்டன் ரோயல் ஒப்பெராவுக்குப் பொறுப்பெடுத்து 2024 வரைக்கும் இருந்தவர்.

அதால மகள் பியானோவ விடாம இருக்கிறது எல்லாத்திலயும் பெரிய விசயம். வயலின், செல்லோ, ட்ரம் பக்கத்தால வந்த கண்டக்டர்மாரும் இரிக்காங்க, தொஸ்கனினி செல்லோக்காரர், சைமன் றற்றில் பெர்க்கஷன்காரர். ஆனா ஒப்பெராக் கதவுக்குப் பியானோதான் திறப்பு.


காரைதீவு மத்தளம்:

வியோலா அண்ணன் எழுதினத வாசிக்கக்குள்ள எனக்கு எங்கட கூத்துப் பழக்கிற அண்ணாவியார்தான் கண்ணுக்குள்ள வந்தார். அக்கா, மகளுக்கு ஒப்பெரா எண்டா என்னெண்டு உங்களுக்கு விளங்கணும் எண்டா வடமோடிக் கூத்த நினைச்சுப் பாருங்க. விடிய விடியப் பாட்டாலயே கதை போகும், ராசா வந்தாலும் பாட்டுத்தான், செத்தாலும் பாட்டுத்தான். களரியில (கூத்து மேடையில) நிண்டு மத்தளம் போடுற அண்ணாவியாருக்குக் கொப்பி முழுக்க மனப்பாடம், எல்லாற்ற தருவும் (பாட்டும்) எல்லாற்ற ஆட்டமும் தெரியும், மாசக்கணக்கா ஒவ்வொரு ஆளாப் பழக்கி எடுத்தவரும் அவர்தான். ஆட்டக்காரன் இளைச்சா மத்தளத்த இழுத்துப் பிடிப்பார், மறந்தா அவரே அடிய எடுத்துக் குடுப்பார், சல்லரி (தாளம்) போடுறவனும் பிற்பாட்டுக்காரரும் அவர்ட முகத்தத்தான் பாத்துக்கொண்டு நிப்பாங்க. நான் சின்னனில இருந்து களரிக்குப் பக்கத்தில நிண்டு பாத்த ஆள், இப்ப மத்தளமும் அடிக்கிறன், அந்த முகத்தில இருந்து எவ்வளவு விசயம் போகுது எண்டு எனக்குத் தெரியும்.

வித்தியாசமும் இரிக்கி, அண்ணாவியார் தானே வாசிக்கிறார், ஒப்பெராக் கண்டக்டர் ஒரு சத்தமும் போடுறதில்ல. ஆனா பிள்ளைக்கு ஒரு புத்தி சொல்லுறன், நம்மட ஊரில கூத்துப் பழக்கம் நடக்கிற நாளில போய் ஒரு மூலையில இருந்து பாக்கட்டும், அரங்கேற்றத்த இல்ல, பழக்கத்த. ஒரு ஆள் இருபது பேர எப்பிடி ஒரே மூச்சுக்குக் கொண்டு வாறார் எண்டு கிட்ட நிண்டு பாக்கிறதுக்கு இத விட நல்ல இடம் மட்டக்களப்பு அம்பாறையில இல்ல. கல்லடியில விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலயும் கர்நாடக சங்கீதம், நடனம், நாடகம் எல்லாம் படிப்பிக்காங்க. மேல்நாட்டுக் கண்டக்டிங் படிக்க அங்க போறதில்ல, தாளத்தையும் சுருதியையும் உடம்பில ஏத்திக்கொள்ளப் போகலாம். கொன்னக்கோல், அதாவது தாளத்த வாயால சொல்லிப் பழகின பிள்ளைக்கு அஞ்சு, ஏழு எண்டு பீட் மாறுறது ஒரு பயமும் இல்ல. யாழ் நூல் எழுதின விபுலாநந்த அடிகள் எங்கட காரைதீவு ஆள், கணக்கும் சயன்சும் படிப்பிச்சவர்தான் பழைய தமிழ் இசையத் தோண்டி எடுத்து 1947இல அந்தப் புத்தகத்தக் கொண்டு வந்தவர். பயோ படிக்கிற பிள்ளைக்கு மியூசிக் எதுக்கு எண்டு ஆரும் கேட்டா அவரக் காட்டுங்க.


கல்முனை நானா:

சகோதரி, நான் மியூசிக் ஆள் இல்ல, கணக்கு வழக்குப் பாக்கிறவன், எனக்கும் ரெண்டு பொம்புளப் புள்ள. தகப்பன்ட பயம் எனக்கு விளங்குது. மேல எழுதினதெல்லாம் நல்லாத்தான் இரிக்கி, ஆனா மேல போன ஆக்கள்ட பேர்தான் நமக்குத் தெரியும், நடுவழியில நிண்ட ஆக்கள்ட பேர் ஒருத்தருக்கும் தெரியாது. நம்மட நாட்டில ஒழுங்கான சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா எண்டு பாத்தா 1958இல தொடங்கின கொழும்பு ஓர்கெஸ்ட்ராதான், இப்ப சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா ஒஃப் ஸ்ரீலங்கா எண்டு பேர், அதுவும் வருசத்துக்குச் சில கொன்சேட்தான். ஒப்பெரா வீடு ஒண்டும் இல்ல. அப்ப இது ஊர விட்டுப் போற தொழில் எண்டு முதல்லயே தெரிஞ்சுதான் இறங்கணும். நான் கேக்கிற கேள்வி ரெண்டு: அங்க போய்ப் படிக்க என்ன செலவு, ஏறி வர ஏலாமப் போனா அந்தப் படிப்ப வச்சு வேற என்ன செய்யலாம்? இதுக்கு மறுமொழி கிடைச்சா தகப்பனுக்கும் ஒரு தெளிவு வரும். புள்ளட ஆசைய அடக்கச் சொல்லல்ல, துஆவும் செய்யிறன்.


பிற்றுக்குள்ள வியோலா:

நானா கேட்டது நியாயமான கேள்வி, இதக் கேக்காம விசா எடுக்கிறது பிழை.

ஜேர்மனியில அரச மியூசிக் ஹொக்ஷூல (பல்கலைக்கழக மட்டத்து மியூசிக் கல்லூரி) 24 இரிக்கி. பெரும்பாலான மாநிலங்களில படிப்புக் காசு இல்ல, செமஸ்ரருக்கு ஒரு சின்னக் கட்டணம் மட்டும். பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில 2017இல இருந்து ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து வாற ஆக்களுக்கு செமஸ்ரருக்கு 1500 யூரோ. ஆனா ஸ்ருடன்ற் விசாவுக்குச் சீவிக்கக் காசு இரிக்கி எண்டு காட்டணும், 2024 செப்டெம்பரில இருந்து மாசத்துக்கு 992 யூரோ கணக்கு, ஒரு வருசத்துக்கு முழுசா முடக்கி வைக்கணும், ரூபாயில பாத்தா அது பெரிய தொகை, அத மறைக்க மாட்டன். அதோட மொழி, பி1 பி2 எண்டு நடுத்தர மட்டத்து ஜேர்மன் கேப்பாங்க. எல்லாத்துக்கும் மேல நுழைவுப் பரீட்சை, கண்டக்டிங்குக்கு ஒரு இடத்தில வருசத்துக்கு எடுக்கிறது ஒரு சில பேரத்தான், பியானோ வாசிக்கச் சொல்லுவாங்க, ஸ்கோரப் பாத்த உடன பியானோவில வாசிக்கச் சொல்லுவாங்க, ஒரு கோட் (ஒண்டாச் சேத்து அடிக்கிற பல சுரம்) அடிச்சு உள்ளுக்குள்ள என்னென்ன சுரம் எண்டு கேப்பாங்க, கடைசியிலதான் கைகாட்ட விடுவாங்க. கிரேட் 6 இதுக்குக் காணாது, கிரேட் 8ம் முடிச்சு அதுக்கு மேலயும் போகணும்.

ஏறி வர ஏலாமப் போனா எண்டு கேட்டீங்க. கண்டக்டிங் படிச்ச எல்லாரும் பெரிய ஓர்கெஸ்ட்ராவுக்கு முன்னால நிக்கிறதில்ல, உண்மை. ஆனா வெறுங்கையோட நிக்கிறதும் குறைவு. ஒப்பெரா வீடு ஒவ்வொண்டிலயும் கொயர் டிறெக்ரர் ஒரு ஆள் வேணும், கொறெப்பெற்றிற்றோர் ரெண்டு மூண்டு பேர் வேணும், அதிலயே சந்தோசமா றிற்றயர் ஆகிற ஆக்கள எனக்குத் தெரியும், எங்கட வீட்டில ஒரு அம்மா இரிக்கா, அவ இல்லாட்டி எந்தப் பாட்டுக்காரரும் ஒழுங்கா மேடைக்கு வரமாட்டாங்க. சேர்ச் மியூசிக், பள்ளிக்கூட ஓர்கெஸ்ட்ரா, மியூசிக் ஸ்கூல், படத்துக்கு றெக்கோடிங் எண்டு பல பக்கம் வழி இரிக்கி. கெஸ்ட் கண்டக்டரா ஊர் ஊராத் திரியிறவங்களுக்குத்தான் நிலையில்லாத வாழ்க்க, கொன்சேட்டுக்குக் கொன்சேட் காசு, அதில ஏஜென்டுக்கு ஒரு பங்கு, வருசம் முழுக்க ஹோட்டல் அறையில ஸ்கோர் படிக்கிறது.

ஊரச் சொல்லி ஒருத்தரும் பயப்பட வேணாம். சுபின் மேத்தா பம்பாய்ப் பொடியன், தகப்பன் மேலி மேத்தா 1935இல அங்க ஒரு ஓர்கெஸ்ட்ராவத் தொடங்கின வயலின்காரர், மகன மருத்துவம் படிக்கத்தான் விட்டவங்க. 1954இல 18 வயசில அத விட்டுட்டு வியன்னாவுக்குப் போய் ஹன்ஸ் ஸ்வறொவ்ஸ்கியிட்டப் படிச்சவர். பெரிய கண்டக்டர்மார்ட ரிகேர்சல வெளியாக்கள் பாக்க ஏலாது எண்டதால அவரும் கூடப்படிச்ச கிளவுடியோ அபாடோவும் கொயரில பாஸ் பாடச் சேந்து, பாடிக்கொண்டே முன்னால நிக்கிறவரப் படிச்சவங்க. 1958இல லிவர்பூல் போட்டியில வெண்டு, 1962இல லொஸ் ஏஞ்சலிஸ் ஓர்கெஸ்ட்ராவுக்கும் 1978இல நியூயோர்க் ஓர்கெஸ்ட்ராவுக்கும் பொறுப்பெடுத்து, 1990இல வியன்னா நியூ இயர் கொன்சேட்ட நடத்தினவர். செய்ஜி ஒசாவா யப்பானில ரக்பி விளையாடி விரல் உடைஞ்சதால பியானோவ விட்டுக் கண்டக்டிங்குக்கு வந்தவர், 1959இல சரக்குக் கப்பலில ஒரு ஸ்கூட்டரோட ஐரோப்பாவுக்கு வந்து அதே வருசம் பெசன்சோன் போட்டியில வெண்டவர், மறுகா பொஸ்டன் ஓர்கெஸ்ட்ராவில 29 வருசம்.

பொம்பிளப் பிள்ளைகள் விசயம். அம்பது வருசத்துக்கு முன்ன கேட்டிரிந்தா வேற மறுமொழி. வியன்னா பில்ஹார்மோனிக் 1997 வரைக்கும் பொம்பிளைகள மெம்பராவே எடுக்கல்ல, முதல் எடுத்தது ஹார்ப் வாசிச்ச அன்னா லெல்க்கெஸ். ஆனா அதுக்கு முன்னமே 1993இல வியன்னா ஸ்டேட் ஒப்பெராவில சிமோன் யங் ஏறிட்டா, அவ சிட்னிக்காரி, அவவும் கொறெப்பெற்றிற்றோரா வந்த ஆள்தான், 2005இல இருந்து பத்து வருசம் ஹம்பேர்க் ஒப்பெராவ நடத்தினவ. மரின் ஓல்சொப் 2007இல பல்ரிமோர் ஓர்கெஸ்ட்ராவுக்குப் பொறுப்பெடுத்தா. வாக்னர்ட பைறொய்த் விழா 1876இல தொடங்கினது, அங்க ஒரு பொம்பிள கண்டக்டர் நிக்க 2021 வரைக்கும் போச்சு, உக்ரைனில இருந்து வந்த ஒக்சானா லினிவ். யோவானா மல்விற்ஸ் ஹைடல்பேர்க் தியேட்டர் பியானோவில தொடங்கி 2014இல ஏர்ஃபுர்ட் ஒப்பெராவுக்கும் 2018இல நூர்ன்பேர்க் ஒப்பெராவுக்கும் 2023இல பெர்லின் கொன்சேர்ற்ஹவுஸ் ஓர்கெஸ்ட்ராவுக்கும் பொறுப்பெடுத்தா. எங்கட பிற்றுக்கு வாற இளம் கண்டக்டர்மாரில இப்ப பொம்பிளைகள் வாறத ஒருத்தரும் ஒரு புதினமா எடுக்கிறதில்ல. கதவு பூட்டிக் கிடக்கல்ல அக்கா, ஆனா ஒடுக்கம், அது ஆம்பிளைக்கும் ஒடுக்கம்தான்.


கல்லாத்து அம்மா:

எல்லாருக்கும் பெரிய நன்றி. நானா, உங்கட கேள்விய அவட அப்பா வாசிச்சிட்டு இதத்தான் நானும் கேக்க நினைச்ச எண்டார். வியோலாத் தம்பி எழுதினத நாங்க மூண்டு பேரும் இருந்து வாசிச்சம், மகள் உங்களுக்கு ஒரு கேள்வி தந்திரிக்கா, அவ சொன்ன மாதிரியே எழுதுறன்:

“பீதோவன்ட அஞ்சாவது சிம்பொனி தொடக்கத்தில எல்லாரும் ஒரேயடியா எப்பிடிச் சேர்ந்து தொடங்குறாங்க? ஒவ்வொரு கண்டக்டரும் ஒவ்வொரு மாதிரிக் கைகாட்டுறாங்க, ஆர்ட்ட எதப் பாக்கிறதெண்டு விளங்கல்ல. அடுத்தது, ஒப்பெராவில பாட்டுக்காரர் கண்டக்டரப் பாக்காமலே பாடுறாங்க, அப்ப ஆர் ஆருக்குப் பின்னால போற?”


பிற்றுக்குள்ள வியோலா:

மகள், நல்ல கேள்வி. அந்தத் தொடக்கம் எல்லாரும் பயப்படுற இடம். முதல் பார ஸ்கோரில எடுத்துப் பாருங்க, அதில முதல் இரிக்கிறது சத்தம் இல்ல, ஒரு எட்டாம் பங்கு றெஸ்ட், மறுகாதான் மூண்டு சின்னச் சுரம், அடுத்த பாரில நீட்டிப் பிடிக்கிற பெரிய சுரம். அப்ப கண்டக்டர்ட கை கீழ விழுற இடத்தில நாங்க ஒண்டும் வாசிக்கிறதில்ல, அந்த வெறுமைய உள்ளுக்குள்ள உணந்துதான் அடுத்த நொடி ஏறுறது. அவர் கையத் தூக்குற வேகத்திலயே ரெம்போ (பாட்டிட வேகம்) எவ்வளவு, சத்தம் எவ்வளவு, வில்ல எப்பிடிப் போடணும் எல்லாம் இரிக்கி. தூக்குறதுக்கு முன்ன அவர் மூச்சு எடுப்பார், அதப் பாருங்க, கைய விட மூச்சப் பாத்தா உங்களுக்குக் கெதியா விளங்கும். சிலபேர் ரெண்டு அடி காட்டுவாங்க, சிலபேர் ஒண்டு, சிலபேர் கோலே இல்லாமச் செய்வாங்க, எல்லாத்திலயும் அந்த ஆயத்த மூச்சு இரிக்கும்.

ரெண்டாவது கேள்வி. பாட்டுக்காரர் கண்டக்டரப் பாக்காத மாதிரித்தான் இரிக்கும், ஆனா கண்ணோரத்தில பாக்கிறாங்க, மேடையிட ரெண்டு பக்கத்திலயும் கண்டக்டரக் காட்டுற மொனிற்றரும் இரிக்கி. உண்மையில ரெண்டு பக்கமும் போற விசயம் இது. ஒரு சொப்றானோ (உயர்ந்த குரல் பாட்டுக்காரி) மேல் சுரத்துக்குப் போக முன்ன கூட ஒரு மூச்சு எடுத்தா, கண்டக்டர் அவட தோள் ஏறுறதப் பாத்து ஓர்கெஸ்ட்ராவ ஒரு நூல் இழைக்குப் பிடிச்சு வைப்பார், சனத்துக்கு ஒண்டும் தெரியா, எங்களுக்கு அவர்ட இடது கை சொல்லிரும். கொயர் மேடைக்குப் பின்பக்கம் 20 மீற்றர் தள்ளி நிண்டா சத்தம் செக்கனுக்கு 340 மீற்றர் கணக்கில வரக்குள்ள செக்கனில 17இல ஒரு பங்கு பிந்தும், அது காதுக்கு நல்லாத் தெரியும். அதால கொயர் கேக்கிறதுக்குப் பாடப்படாது, கண்ணால கையப் பாத்து முந்திப் பாடணும். பைறொய்த்தில பிற்ற மூடி வச்சிரிக்காங்க, அங்க கண்டக்டருக்கு ஓர்கெஸ்ட்ரா காது கிழியக் கேக்கும், பாட்டு மெல்லிசாத்தான் கேக்கும், பழகின ஆக்களே திணறுவாங்க. மேடைக்குப் பின்னால வாத்தியம் வாசிக்கிற காட்சி எண்டா அங்க ஒரு அசிஸ்ரன் நிண்டு மொனிற்றரப் பாத்துக் கொஞ்சம் முந்திக் கைகாட்டுவார், இளம் கண்டக்டர்மார் பலபேர் ஒப்பெராவில முதல் கைகாட்டுறது இந்த இருட்டுக்குள்ளதான். தொஸ்கனினி மாதிரி 19 வயசில 1886இல ரியோவில செல்லோக் கதிரையில இருந்து எழும்பிப் போய் வெர்டிட அயிடா எண்டுற ஒப்பெராவ மனப்பாடமா நடத்துறதெல்லாம் நூற்றாண்டுக்கு ஒருக்கா நடக்கிறது.

இப்ப செய்ய வேண்டியதுக்குக் காசு தேவையில்ல. ஐஎம்எஸ்எல்பி எண்டுற தளத்தில பழைய ஸ்கோர் எல்லாம் இலவசம். ஒப்பெராவிஷன் எண்டுற தளத்தில முழு ஒப்பெராவும் இலவசமாப் பாக்கலாம், சும்மா பாக்காம ஸ்கோர மடியில வச்சுக்கொண்டு பாருங்க. முதலாவதா ஹைடன்ட ஒரு சின்ன சிம்பொனிய எடுங்க, வாத்தியம் குறைவு, கண்ணுக்குச் சுகம். வியோலா வரிய மட்டும் கீபோர்டில வாசிச்சுக்கொண்டு முதல் வயலின வாயால பாடுங்க, மறுகா மாத்துங்க. கை காட்டிப் பழக வேணாம், இன்னும் ஒரு வருசத்துக்காவது.


தாண்டவன்வெளி ரீச்சர்:

கடைசி வசனத்தில மட்டும் எனக்குக் கொஞ்சம் வேற கருத்து தம்பி. கண்ணாடிக்கு முன்னால நிண்டு கை காட்டிப் பழகிறது வேணாம், அது சரி. ஆனா முன்னால உயிருள்ள ஆக்கள் நிண்டா இப்பவே காட்டணும். அந்தப் பிள்ளைக்குச் சேர்ச்சில கொயர் இரிக்கி, சின்னப் பிள்ளைகளப் பழக்கிறா, இது ஐரோப்பாவில ஹொக்ஷூலப் பிள்ளைகள் காசு குடுத்துத் தேடுற விசயம். நான் கன வருசமா கொயர் பழக்கிறன். பதினஞ்சு பேர் நாலு குரலில பாடக்குள்ள ரெனர் (ஆம்பிளைகளிட உயர்ந்த குரல்) பாடுறவன் எங்க சுருதி இறங்கினான் எண்டு பிடிக்கிற காதுதான் மறுகா எண்பது பேருக்கும் வேலை செய்யும். பிள்ளைகள் மூச்சு எடுக்க முன்ன நான் எடுக்காட்டி ஒரு நாளும் சேந்து தொடங்கினதில்ல, அத ஒரு புத்தகமும் எனக்குச் சொல்லல்ல.

அக்கா, பரீட்சைப் பக்கம் ரெண்டு விசயம். ஏபிஆர்எஸ்எம்மில கிரேட் 6உம் அதுக்கு மேலயும் எடுக்க கிரேட் 5 தியரி வேணும், மகள் கிரேட் 6 எடுத்ததால அது முடிஞ்சிரிக்கும், அதோட நிக்காமத் தியரியில கிரேட் 8 வரைக்கும் போகச் சொல்லுங்க, ஸ்கோர் வாசிப்பும் வாத்தியம் மாத்தி எழுதுறதும் அங்கதான் வருது. 2020இல இருந்து பெர்ஃபோமன்ஸ் கிரேட் எண்டு வீடியோ எடுத்து அனுப்புற பரீட்சையும் இரிக்கி, ஒவ்வொரு தரமும் பரீட்சகர் வாறதப் பாத்துக் காத்திருக்கத் தேவையில்ல. ஆனா கண்டக்டிங் கனவு இரிக்கிற பிள்ளை பரீட்சகருக்கு முன்னால இருந்து செய்யிற பரீட்சையத்தான் எடுக்கணும், அதிலதான் காதுப் பரீட்சையும் பாத்த உடன வாசிக்கிறதும் இரிக்கி. அதோட கீபோர்டில மட்டும் நிண்டா விரலுக்குப் பலம் வராது, கட்டையில பாரம் இரிக்கிற டிஜிற்றல் பியானோ பழசா ஒண்டு கிடைச்சா வாங்கப் பாருங்க, கொழும்பில விக்கிற ஆக்கள் இரிக்காங்க. வயலினோ செல்லோவோ ரெண்டாவதா ஒண்டு பழகட்டும், தந்தி வாத்தியக்காரர்ட வில் எப்பிடிப் போகுது எண்டு தெரியாதவங்க ஓர்கெஸ்ட்ராவுக்கு முன்னால நிண்டா அவங்க மதிக்க மாட்டாங்க, இது வியோலாத் தம்பிக்கு என்னவிட நல்லாத் தெரியும்.

சென்னையில ரஹ்மான் 2008இல தொடங்கின கேஎம் மியூசிக் கொன்சேர்வற்றரி இரிக்கி, மேல்நாட்டு மியூசிக் படிப்பிக்காங்க, தமிழில கதைக்கலாம், ஜேர்மனிக்கு முன்ன அது ஒரு படியா இருக்கலாம். மும்பையில 2006இல தொடங்கின சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா ஒஃப் இந்தியாவும் இரிக்கி. ஏ.எல்ல விடச் சொல்லி நான் சொல்ல மாட்டன், இன்னும் கொஞ்சக் காலம்தான், அதுக்குள்ள பியானோவும் தியரியும் ஏறட்டும், பிறகு சோதினை முடிய அப்பாவும் நீங்களும் மகளுமா இருந்து கதையுங்க.

நாங்க சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குச் சேர்ச் மண்டபத்தில பழகிறம், நத்தாருக்கு நாலு குரல் பாட்டு மூண்டு எடுத்திரிக்கம், ரெனருக்கு ரெண்டே பேர்தான். மகளக் கூட்டிக்கொண்டு வாங்க, பியானோ அங்க இரிக்கி, முதல் நாள் பக்கத்தில இருந்து ஸ்கோரப் பாக்கட்டும், அடுத்த கிழமை ஒரு பாட்ட அவட்டக் குடுக்கிறன்.


கல்லாத்து அம்மா:

வாறம் ரீச்சர். மகள் அந்த மூண்டு பாட்டிட பேரையும் இப்பவே கேக்கிறா, ஸ்கோர் எடுத்துப் பாத்துக்கொண்டு வரவாம், ஏலுமெண்டா இன்பொக்ஸில போடுங்க. அவட அப்பாவும் வாறன் எண்டார், அவர் பள்ளிக்கூடத்தில படிக்கக்குள்ள ரெனர் பாடினவர்.